மழைக்கால இரவில் குறுவாய்த் தவளைகளைத் தேடி அறிய ஒரு வழிகாட்டி

மைக்ரோஹைலா என்னும் பேரினத்தைச் சேர்ந்த குறுவாய்த் தவளைகள், இந்தியாவும் இலங்கையும் தொடங்கித் தென்கிழக்காசியா, சீனா, ஜப்பானின் தென்கோடித் தீவுகள் வரை பரவியிருக்கும் சிறிய தரைவாழ் தவளைகள். நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இதுவரை பெயரிடப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை முழுமையாக வளர்ந்த பின்னும் 3 சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. எறும்பும் கறையானும் இவற்றின் முதன்மை உணவு. பகலில் சருகுக்கடியிலும் மண் வெடிப்புகளிலும் கல்லின் கீழும் ஒடுங்கிக் கிடந்து, இருட்டிய பிறகே வெளிவருகின்றன. அளவு சிறிதாக இருப்பதால், பார்ப்பவர்கள் பெரும்பாலும் இவற்றைப் பெரிய தவளை எதனுடையவோ குஞ்சு என்று எண்ணிக் கடந்துவிடுகிறார்கள்.

தமிழகச் சமவெளியில் புதியவர் ஒருவர் எளிதில் சந்திக்கக்கூடியவை இரண்டு இனங்கள். ஒன்று மைக்ரோஹைலா ஆர்னேட்டா. மலபார்க் கரையிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு பிரெஞ்சு அறிஞர்களான டுமேரிலும் பிப்ரோனும் 1841இல் இதற்குப் பெயரிட்டனர். மற்றொன்று மைக்ரோஹைலா ரூப்ரா. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய தாமஸ் ஜெர்டன், கர்நாடகப் பகுதி என்று அக்காலத்தில் குறிக்கப்பட்ட தமிழகச் சமவெளியிலிருந்து 1850களில் இதை விவரித்தார். இந்தக் கட்டுரை இவ்விரண்டையும் மையமாகக் கொண்டே எழுதப்படுகிறது. முதலில் காதையும் அடுத்துக் கண்ணையும் பயன்படுத்தி, கையைக் கூடியவரை பயன்படுத்தாமலே இவற்றை அறிய முடியும். அறிவதற்குச் சிறந்த முறையும் அதுதான்.

எப்போது செல்வது

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. தரையில் நீர் தேங்கும் அளவுக்கு முதல் பெருமழை பெய்த இரவும், அதை அடுத்து வரும் இரண்டு மூன்று இரவுகளும் மிகச் சிறந்தவை. கன்னியாகுமரி, தென்காசி, நீலகிரி, கோவையின் மேற்குப் பகுதி ஆகிய இடங்களில் உள்ளவர்கள் அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியதில்லை; தென்மேற்குப் பருவமழை இறங்கும் ஜூன் மாதத்திலேயே தொடங்கலாம். பிற உள்மாவட்டங்களில் கோடை மழையோ ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களின் இடிமழையோ வலுவாகப் பெய்தால் அன்றிரவும் பயன் தரக்கூடும்.

கொட்டும் மழையில் செல்வதால் பயனில்லை. துளிகள் விழும் ஓசையில் சிறு தவளையின் குரல் அமிழ்ந்துவிடும். மழை விட்டு, காற்று அடங்கி, ஈரம் நிறைந்திருக்கும்போது இரவு ஏழு மணியிலிருந்து பத்து மணி வரையுள்ள நேரம் புதியவர்களுக்கு ஏற்றது. நள்ளிரவைத் தாண்டியும் குரல் தொடரக்கூடும். ஆனால் களைத்த கண் நிலத்தில் எதையும் சரியாகப் பார்க்காது.

எங்கே தேடுவது

ஏரிக்கும் பெருங்குளத்துக்கும் செல்ல வேண்டாம். குறுவாய்த் தவளைகள் முட்டையிட விரும்புவது சில வாரங்களில் வற்றிப்போகும் ஆழமற்ற தேக்கங்களை. காரணம் எளியது: நிலையான நீரில் மீன்கள் உண்டு, மீன்களுக்குத் தலைப்பிரட்டை இரை. நேற்றுவரை வறண்டு கிடந்து இன்று நிரம்பிய பள்ளத்தில் மீனும் இராது, தட்டான் பூச்சியின் இளவுயிரிகளும் இன்னும் பெருகியிரா. அந்த நீர் வற்றுவதற்குள் வளர்ச்சியை முடித்துக்கொள்ளும் வேகம் இத்தவளைகளின் தலைப்பிரட்டைகளுக்கு உண்டு. ஆகவே உழுத வயலின் ஓரம், நாற்றங்கால், செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம், கட்டடம் எழாத மனை, விளையாட்டுத் திடலின் தாழ்ந்த மூலை, வண்டித் தடத்தில் தேங்கிய நீர் ஆகியவற்றை முதலில் பாருங்கள். நீரின் விளிம்பில் புல் இருப்பது முக்கியம். ரூப்ராவைத் தேடுபவர்கள் மணற்பாங்கான நிலத்தை, குறிப்பாக ஆற்றங்கரையையும் கடலோர மணல் நிலங்களையும் தேர்ந்தெடுக்கலாம். அது மண்ணைத் தோண்டிப் புதைந்து வாழ்வது.

இடத்தைப் பகலிலேயே ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். இதை ஒரு சடங்காக எண்ணித் தவிர்ப்பவர்கள் உண்டு. தமிழக வயல்வெளியில் கைப்பிடிச் சுவரில்லாத தரைக்கிணறுகள் எத்தனை என்பதை அறிந்தவர்கள் தவிர்க்க மாட்டார்கள். மழைக்காலத்தில் நீர் மேல்மட்டம் வரை ஏறி, ஓரத்தில் புல்லும் மூடியிருந்தால், கிணற்றுக்கும் குட்டைக்கும் இரவில் வேறுபாடு தெரியாது. பன்றிக்காக வேலியில் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சும் வழக்கம் உள்ள ஊர்களில் வேலி ஓரமாக நடப்பதே உயிருக்கு ஆபத்து. நிலத்துக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற்றுவிட்டால் இந்த இரண்டு விவரங்களும் அவர் வாயாலேயே தெரியவரும். டார்ச் வெளிச்சத்தைக் கண்டு ஊரார் திருடன் என்று எண்ணி ஓடிவருவதும் தவிரும். காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவது குற்றம். தொடக்கநிலையில் அங்கே செல்லவேண்டிய தேவையும் இல்லை, ஏனெனில் இந்த இரு இனங்களும் ஊருக்குள்ளேயே கிடைக்கின்றன.

உடன் எடுத்துச் செல்ல வேண்டியவை

முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், தலையில் மாட்டும் டார்ச், கையில் ஒரு சிறு டார்ச், ஒரு கோல், கைப்பேசி, நோட்டுப் புத்தகம், பென்சில், 15 சென்டிமீட்டர் அளவுகோல். இவை போதும். பேனா ஈரத்தில் எழுதாது, பென்சில் எழுதும்.

பூட்ஸ் விஷயத்தில் சமரசம் வேண்டாம். தவளைகள் வெளிவரும் அதே இரவில் அவற்றைத் தின்னும் பாம்புகளும் வெளிவருகின்றன. நீர்க்கோலி கடித்தால் நஞ்சில்லை. ஆனால் கண்ணாடிவிரியனும் கட்டுவிரியனும் அதே வரப்பில்தான் கிடக்கும். கால் வைக்கும் இடத்தை முதலில் வெளிச்சத்தில் பார்த்து, புல் அடர்ந்திருந்தால் கோலால் தட்டி, அதன் பிறகே அடி எடுத்து வையுங்கள். புதருக்குள்ளோ பொந்துக்குள்ளோ கையை விடாதீர்கள். காலில் ஆறாத புண் இருந்தால் தேங்கிய நீரில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் பரவுவது அவ்வழியாகத்தான். தனியாகச் செல்லாமல் இருவராகச் செல்வது பாதுகாப்புக்கு மட்டுமன்றி, பின்னால் சொல்லப்போகும் ஒரு காரணத்துக்காகவும் நல்லது.

காதால் நெருங்குதல்

நீரிலிருந்து சற்றுத் தொலைவில் நின்று, விளக்கை அணைத்து, பேச்சை நிறுத்திச் சில நிமிடங்கள் காத்திருங்கள். வந்த ஓசையில் அடங்கிய குரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பும். முதலில் எல்லாம் ஒரே இரைச்சலாகத் தோன்றினாலும், காது பழகியதும் அடுக்குகள் பிரியத் தொடங்கும். கனத்த, அடித்தொண்டைக் குரல் நீரின் நடுவிலிருந்து வருமானால் அது பெரும்பாலும் உப்பிய உடலுடைய யூபரோடான் தவளை. அதன் ஆண்கள் நீரில் மிதந்தபடி கத்துகின்றன. செடியின் மேலிருந்தோ சுவரிலிருந்தோ விட்டுவிட்டுத் தட்டுவது போன்ற ஓசை கேட்டால் அது மரத்தவளை. இடைவெளியே இல்லாமல் ஒரே சுருதியில் நீளும் ரீங்காரம் மண்ணுக்குள்ளிருந்து வருமானால் அது தவளையே அன்று, பிள்ளைப்பூச்சி. புதியவர்களைப் பிள்ளைப்பூச்சி ஏமாற்றும் அளவுக்கு வேறு எதுவும் ஏமாற்றுவதில்லை.

ஆர்னேட்டாவின் குரல் சீப்பின் பற்களை விரல் நகத்தால் வேகமாக இழுத்தால் எழும் ஓசையை ஒத்தது. அது ஒரு குறுகிய இழுப்பு, சிறு இடைவெளி, மீண்டும் ஓர் இழுப்பு என்று தொடரும். ஒன்று தொடங்கினால் பக்கத்திலிருப்பதும் சேர்ந்துகொள்ளும். சட்டென்று எல்லாம் ஒன்றாக நிற்கும். இரண்டரை சென்டிமீட்டர் உடலிலிருந்து இவ்வளவு உரத்த ஒலி எழக் காரணம், தொண்டையின் கீழுள்ள ஒற்றைக் குரல்பை ஏறத்தாழ உடலளவுக்கே உப்புவதுதான். கத்துபவை ஆண்கள் மட்டுமே.

நுணலும் தன் வாயால் கெடும் என்று பழமொழி சொன்னாலும், குறுவாய்த் தவளை அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. உடலில் பாதியை நீரில் அமிழ்த்திப் புல்லின் அடித்தூரிலோ மண்கட்டியின் நிழலிலோ அமர்ந்து கத்துவதால், ஒலி வரும் திசை நமக்குப் பிடிபடாமல் நழுவிக்கொண்டேயிருக்கும். இங்கேதான் இரண்டாவது ஆள் தேவை. இருவரும் இரண்டு மூன்று மீட்டர் இடைவெளியில் நின்று, குரல் வருவதாகத் தோன்றும் இடத்தை ஒரே நேரத்தில் டார்ச்சால் காட்டுங்கள். இரு ஒளிக்கற்றைகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு சாண் வட்டத்துக்குள் தவளை இருக்கும். வெளிச்சம் பட்டதும் அது அடங்கிவிட்டால், அசையாமல் விளக்கைத் தாழ்த்திக் காத்திருங்கள். ஒன்றிரண்டு நிமிடங்களில் மீண்டும் தொடங்கும். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. அது வேண்டாம். இணை தேட வாய்த்திருக்கும் சில இரவுகளில், இல்லாத போட்டியாளனுக்குப் பதில் சொல்லி ஒரு தவளை தன் ஆற்றலை வீணாக்க நாம் காரணமாகக் கூடாது.

கண்ணால் உறுதிசெய்தல்

தவளை தெரிந்ததும் பெயரைத் தேடாதீர்கள், உறுப்புகளைப் பாருங்கள். தலை சிறிதாகி முனையை நோக்கிக் குறுகியும், உடல் பின்பக்கம் அகன்றும், மேலிருந்து பார்த்தால் முக்கோண வடிவமாகத் தோன்றுகிறதா? வாய் சிறிதா? கண்ணுக்குப் பின்னால் செவிப்பறை வட்டம் தெரியாமல் தோலுக்குள் மறைந்திருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் நீங்கள் குறுவாய்த் தவளைக் குடும்பத்துக்குள் வந்துவிட்டீர்கள்.

குழப்பம் தரக்கூடியவை மூன்று. வயல்களில் மிகுதியாக உள்ள மினர்வாரியா தவளைகளின் முதுகில் நீளவாக்கில் தோல் மடிப்புகள் இருக்கும், செவிப்பறையும் தெரியும், வாயும் அகலம். தேரைக் குஞ்சின் தோல் சொரசொரப்பானது. யூபரோடானின் இளந்தவளைகளே உண்மையில் சிக்கலானவை, ஏனெனில் அவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆயினும் உடல் உருண்டு, கால்கள் குட்டையாக இருப்பதைக் கொண்டு பிரித்துவிடலாம். குறுவாய்த் தவளையின் பின்னங்கால்கள் அதன் அளவுக்கு நீளமானவை. தாவிய பிறகு அதைத் தேடுவது பெரும்பாடு.

இனி இரண்டு இனங்களையும் பிரிக்கலாம். ஆர்னேட்டாவின் முதுகில் இரு கண்களுக்கும் இடையே குறுகலாகத் தொடங்கி, பின்னோக்கிச் செல்லச் செல்ல அகன்று விரியும் கரும்பழுப்புக் கோலம் ஒன்று உண்டு. அதன் விளிம்பு அலையலையாக இருக்கும். கண்ணின் பின்புறத்திலிருந்து தொடைப்பக்கம் வரை விலாவில் ஒரு கரும்பட்டை ஓடும். ரூப்ராவின் முதுகு செம்பழுப்பு. அவ்வளவு தெளிவான கோலம் அதில் இல்லை. விலாவின் கரும்பட்டை மட்டும் அழுத்தமாகத் தெரியும். அது சற்றுப் பருத்தது. பின்னங்காலின் அடியில், மண் தோண்ட உதவும் தட்டையான இரண்டு புடைப்புகள் அதற்கு நன்றாக வளர்ந்திருக்கும். நிறத்தை மட்டும் நம்பி முடிவு செய்யக்கூடாது. ஈரமான இரவில் ஒரே தவளை வெளிறியும் கருத்தும் தோன்றுவது வழக்கம். அதோடு டார்ச்சின் மஞ்சள் ஒளியில் எல்லாத் தவளையும் செந்நிறந்தான்.

பதிவு செய்தல்

படம் எடுக்கும்போது மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பின்னங்கால் விரல்கள் தெரியும்படி ஒன்று என்று மூன்று கோணங்கள் இருந்தால் அறிந்தவர்கள் இனத்தைக் கண்டுகொள்ள உதவும். முகத்தை மட்டும் நெருங்கி எடுத்த அழகிய படம் பெரும்பாலும் பயன்படுவதில்லை. அளவுக்காகத் தவளையின் அருகே நாணயத்தை வைப்பதைவிட அளவுகோலை வைப்பது நல்லது. ஒரு ரூபாய் நாணயமே 2011 வரிசையில் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர், 2019 வரிசையில் 20 மில்லிமீட்டர் என்று மாறியிருக்கிறது, இரண்டரை சென்டிமீட்டர் உயிருக்கு அந்த வேறுபாடு சிறிதன்று. ஃபிளாஷை ஒரு தவளையின் மீது திரும்பத் திரும்பப் பாய்ச்ச வேண்டாம். பக்கவாட்டிலிருந்து டார்ச் ஒளி போதும்.

குரல் பதிவு படத்தைவிட முக்கியமானது. புதியவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். கைப்பேசியை ஒலிக்கும் தவளையிலிருந்து அரை மீட்டர் தொலைவில், அதன் பக்கம் திருப்பிப் பிடித்து, குறைந்தது ஒரு நிமிடம் அசையாமல் பதிவு செய்யுங்கள். மிக நெருங்கினால் ஒலி உடைந்துவிடும். வசதியிருந்தால் சுருக்கப்படாத வேவ் கோப்பாகச் சேமிக்கும் செயலியைப் பயன்படுத்துங்கள். பதிவின் இறுதியில் உங்கள் குரலிலேயே நாள், நேரம், இடம், வெப்பநிலை ஆகியவற்றைச் சொல்லி முடித்தால், எந்தக் கோப்பு எங்கே எடுத்தது என்ற தொல்லை பின்னால் வராது. வெப்பநிலை எதற்கு என்று கேட்கலாம். தவளையின் உடல் வெப்பம் சூழலைப் பொறுத்தது. குளிர்ந்த இரவில் குரலின் வேகமும் தளரும், ஆகவே வெப்பநிலை தெரியாமல் இரு பதிவுகளை ஒப்பிட இயலாது.

நோட்டில் எழுத வேண்டியவை: மழை எப்போது பெய்தது, நீரின் ஆழம், அடியில் மண்ணா மணலா களிமண்ணா, எத்தனை ஆண்கள் கத்தின, இணைகள் தென்பட்டனவா, அருகில் வேறு எந்தத் தவளைகள் இருந்தன. ஒரு தவளையும் தென்படாத இரவையும் எழுதுங்கள்.

தொட வேண்டியதில்லை என்று மேலே சொன்னதற்குக் காரணங்கள் உண்டு. தவளை தோலின் வழியாகவும் மூச்சுவிடுகிறது, நீரையும் தோல் வழியாகவே எடுக்கிறது. கொசுவுக்காகக் கையில் தடவிய களிம்பு நேராக அதன் உடலுக்குள் செல்லும். இன்னொன்று நோய். உலகெங்கும் தவளைகளை அழித்துவரும் கைட்ரிட் என்னும் பூஞ்சை மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் 2011இல் பதிவானது. ஒரு குட்டையின் சேற்றை அடுத்த குட்டைக்குச் சுமந்து செல்லாமல், பூட்ஸைத் தேய்த்துக் கழுவி வெயிலில் முற்றிலும் உலர்த்திய பிறகே வேறு ஊருக்குச் செல்லுங்கள்.

மறுநாளும் மறுவாரமும்

இரவில் இணைகளைக் கண்ட குட்டைக்கு மறுநாள் விடியலில் சென்றால், நீரின் மேற்பரப்பில் ஒற்றை அடுக்காகப் பரவி மிதக்கும் சிறு முட்டைகளைக் காணலாம். மேற்பாதி கருமையாகவும் கீழ்ப்பாதி வெளிறியும் இருக்கும். மிதப்பதில் ஒரு பயன் உண்டு: வெயிலில் சூடேறும் தேக்கத்தில் ஆக்சிஜன் மிகுந்திருப்பது மேற்பரப்பில்தான்.

தலைப்பிரட்டையைக் கண்டுபிடிக்க முட்டையைவிட எளிய வழி உண்டு. மற்றத் தலைப்பிரட்டைகள் அடியில் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருக்க, இவை நீரின் நடுமட்டத்தில் கூட்டமாக, ஏறத்தாழ அசைவின்றி நிற்கும். உடல் ஊடுருவித் தெரியும். கண்கள் தலையின் இரு ஓரங்களிலும் துருத்தியிருக்கும். சுரண்டுவதற்கான கொம்புத் தாடையும் பற்களும் இவற்றுக்கு இல்லை. நீரை உள்ளிழுத்து, அதில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டி உண்கின்றன. நீர் வற்றாமலிருந்தால் ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் கால் முளைத்துக் கரையேறிவிடும். குட்டையை வாரம் ஒருமுறை ஒரே இடத்திலிருந்து படமெடுத்து வாருங்கள். இரவுத் தேடலுக்குச் செல்ல இயலாத பள்ளி மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

பெயரிடுவதில் பொறுமை

ஒரு காலத்தில் ஆசியா முழுவதும் ஆர்னேட்டா ஒன்றே என்று எண்ணினர். 2005இல் கிழக்காசியத் தவளைகள் பிசிப்பெஸ் என்னும் வேறு இனமாகப் பிரிக்கப்பட்டன. 2015இல் வங்கதேசத்தின் நீல்பாமாரி மாவட்டத்திலிருந்து மற்றோர் இனம் வந்தது. வட இந்தியாவில் ஆர்னேட்டா என்று குறிக்கப்பட்டவற்றில் பல இந்த நீல்பாமாரியென்சிஸ்தான் என்பது பிறகு தெரிந்தது. 2016இல் கர்நாடகத்தின் மணிப்பால் பகுதியில், செம்புரைப் பாறை நிலத்தில், ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றே மிகுந்த லேட்டரைட் என்னும் இனம் விவரிக்கப்பட்டது. அதன் குரலைப் பூச்சி என்று எண்ணிக் கடந்துவிடலாம். 2018இல் மங்களூரிலிருந்து கோடியால் வந்தது. அதன் மரபுறவு தென்கிழக்காசிய இனங்களோடு நெருங்கியிருந்ததால், துறைமுகத்தில் இறங்கிய மரக்கட்டைகளோடு வந்திருக்குமோ என்ற ஐயமும் எழுந்தது. கேரளத்தின் டாரெலி 2019இல் பெயர் பெற்றது. பிலிகிரிரங்கன் மலையில் 2000ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட ஷோலிகாரி, அங்கு வாழும் சோளிகர் பழங்குடியினரின் பெயரைத் தாங்குகிறது. மலையடிவார மாவட்டங்களில் தேடுபவர்கள் இந்தச் சிற்றினங்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இலங்கை வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கு உலர் வலயத்தில் காணப்படும் செந்நிறத் தவளையைப் பழைய நூல்கள் ரூப்ரா என்றே சொல்லும். 2016இல் அது மிகிந்தலை என்னும் ஊரின் பெயரால் மிகிந்தலேய் என்ற தனி இனமாயிற்று. ரூப்ரா இந்தியாவுக்கு மட்டும் உரியதாயிற்று. மத்திய மலைநாட்டில் சைலானிக்காவும், சிங்கராஜாவை ஒட்டிய மழைக்காடுகளில் கருணாரத்னேயும் அந்தத் தீவுக்கே உரிய இனங்கள். இவை குறுகிய பரப்பில் வாழ்பவை என்பதால் முன் அனுமதியும் துணையும் இல்லாமல் தேடக்கூடாதவை.

இந்தப் பிரிவுகள் பலவற்றுக்குக் குரலும் மரபணுவும் சான்றாயின. முதுகின் கோலம் மட்டும் தீர்ப்பளித்தது அரிது. ஆகவே ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் போன்ற பொதுத் தளங்களில் உங்கள் பதிவை ஏற்றும்போது, ஐயம் இருந்தால் மைக்ரோஹைலா என்ற பேரினப் பெயரோடு நிறுத்துங்கள். படங்களோடு குரல் கோப்பையும் இணையுங்கள். இடத்தை வரைபடத்தில் சரியாகக் குறியுங்கள். தனியார் நிலமாக இருந்தால் உரிமையாளரைக் கேட்ட பிறகே துல்லியமான இடத்தை வெளியிடுங்கள். செயலி தானாகச் சொல்லும் இனப்பெயரை அப்படியே ஏற்க வேண்டாம், ஏனெனில் அது படத்தைப் பார்த்துச் சொல்கிறதே தவிரக் குரலைக் கேட்டுச் சொல்வதில்லை. மூலக் கோப்புகளை உங்களிடம் பெயரும் நாளும் இட்டுப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இனங்கள் மறுபடியும் பிரிக்கப்படும்போது பழைய பதிவுகளைத் திறந்து கேட்க வேண்டிவரும்.